ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனவன்

சிறை, புதுச்சேரி
6 நவம்பர் 2023

அக்காவுக்கு,

நேற்று வக்கீல் வந்திருந்தார். குற்றப்பத்திரிகை நகலைக் கொடுத்து, "நாலாவது சாட்சி யாருன்னு பாருப்பா" என்றார். பார்த்தேன். ஆக்சிலியா, வயது 34, தகப்பனார் பெயர் சந்தனசாமி, செவிலியர், அவசர சிகிச்சைப் பிரிவு. அடுத்த தாளில் நீ மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலம், கீழே உன் கையெழுத்து. அம்மா போனபிறகு என் மார்க் ஷீட்டில் எல்லாம் நீதான் போடுவாய். அதே கையெழுத்து.

டீக்கடை முத்து முகம்மது பாய், பைக்கில் வந்த மூன்று பேருமே முகத்தை மறைத்திருந்தார்கள், அடையாளம் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். வண்டி ஓட்டியவன் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நீ ஒருத்திதான் என் பெயரைச் சொல்லியிருக்கிறாய். கலைவாணன் சாகும்போது உன்னிடம் சொன்னானாம்.

சாகப்போகிற ஆள் மயக்கத்தில் ஆயிரம் சொல்வான். "அவ்வளவு ரத்தம் போன ஒருத்தர் தெளிவா பேச முடியுமான்னு ஒங்கக்காவையே கேளு" என்கிறார் வக்கீல். சரியாகக் காதில் விழவில்லை என்று நீ கோர்ட்டில் சொன்னால் போதுமாம். அதற்குமேல் அவர் பார்த்துக்கொள்வார்.

கலைவாணன் செத்த மறுநாள் காலையில் போலீஸ் வந்தபோது கதவைத் திறந்தது நீ. "சட்டைய மாட்டிக்கிட்டுப் போடா" என்றாய். அவர்களை வரவழைத்ததே நீதான் என்று தெரியாமல் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்னைப் பார்க்க மனு போடாதே. அப்பாவை மட்டும் அனுப்பு.

கிளாட்வின்


காரைக்கால்
19 நவம்பர் 2023

தம்பி கிளாட்வினுக்கு,

அப்பா வரமாட்டேன் என்கிறார். நான் தடுக்கவில்லை. கலைவாணனுக்கும் உனக்கும் சேர்த்துத்தான் அவர் வாலிபால் சொல்லிக் கொடுத்தார். அவர் ரிட்டயர் ஆன பிறகும் சாயங்காலமானால் விசிலை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போவாரே, இப்போது போவதில்லை. தெருவில் இறங்குவதே இல்லை.

நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பிறகு எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் பதினொன்று, வெள்ளிக்கிழமை. ஆறே முக்காலுக்கு ஒரு ஆட்டோ வந்தது. கழுத்திலும் இடது தோளிலும் வெட்டு. சட்டையைக் கத்தரித்து எடுக்கும்வரை எனக்கு ஆள் தெரியவில்லை. "அக்கா" என்று கூப்பிட்டான். நம் வீட்டில் சாப்பிட்டவன் கூப்பிடுகிற மாதிரியே. டாக்டர் அந்தப் பக்கம் ரத்தக் குழாயைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைப் பிடித்திருந்தேன். "வண்டி கிளாட்வின்தாங்க்கா ஓட்டுனான்" என்றான். தெளிவாகச் சொன்னான். இரண்டு தடவை சொன்னான். ஏழு இருபதுக்கு முடிந்துவிட்டது.

அதன்பிறகு ஒரு மணி நேரம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கையைக் கழுவினேன், அடுத்து வந்த நோயாளிக்கு ஊசி போட்டேன், பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது அவன் மனைவி விஷ்ணுப்ரியா வந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. அவள் அழக்கூட இல்லை. "சிஸ்டர், அவரு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் அவளுக்கு விட்டுப்போனது அந்த ஒரு பேச்சுதான். அதை என்னால் எடுத்து வைத்துக்கொள்ள முடியவில்லை, தம்பி.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெட்டுக்காயம் என்றால் அறுவடை அரிவாள் பட்டது, கருக்களாச்சேரியில் படகு விசிறி கிழித்தது என்று வரும். எப்படி ஆச்சு என்று கேட்டால் காரணம் சொல்வார்கள். இப்போது முதுகில் நாலு வெட்டோடு வருகிறவனைக் கொண்டுவந்து போடுகிறவர்கள், "கீழ விழுந்துட்டான் சிஸ்டர்" என்கிறார்கள். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. ஊர் பெரிதாகிறது, பைபாஸ் வருகிறது, வயலுக்கு வயல் மனைக்கொடி நடுகிறார்கள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அதில் யார் யாருக்கு என்ன தகராறு என்பது எனக்கு கேஷுவாலிட்டி மேஜையில்தான் தெரியவரும். அந்த மேஜையில் நம் வீட்டுப் பெயரும் வரும் என்று நான் நினைக்கவில்லை.

செல்லையன் போட்ட மனைக்குக் கலைவாணன் வயல் வழியாகத்தான் ரோடு வரவேண்டும், அவன் கோர்ட்டில் தடை வாங்கியிருந்தான் என்பது ஊருக்கே தெரியும். நீ செல்லையனிடம் கார் ஓட்டப் போனபோதே அப்பா வேண்டாம் என்றார். நான்தான், போகட்டும்பா, மாதச் சம்பளம் வருகிறதே என்றேன்.

காதில் விழவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அக்கா


சிறை, புதுச்சேரி
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமா? போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன், மன்னித்துவிடு.

இப்போது என்னையும், இதே கேஸில் என்னோடு உள்ளே வந்த டைட்டஸையும் ஒரே அறையில் வைத்திருக்கிறார்கள். அவன் நன்றாக இருக்கிறான். உன்னை அடிக்கடி விசாரிக்கிறான். நீ எந்தப் பஸ்ஸில் டூட்டிக்குப் போகிறாய், எந்த வாசலில் இறங்குவாய் என்பதெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறான். இந்தக் கடிதம் எழுதும்போதுகூடப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அக்கா, நீ கத்தாருக்கு நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாயே. போய்விடேன். அது இல்லையென்றால் திருச்சியில் ஆன்லின் சித்தி வீட்டுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் இரு. ஒரு வருஷம். கேஸ் முடிகிறவரைக்கும். கோர்ட்டுக்கு வராதே. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள்.

எனக்காக இல்லை. நீ போனால் நல்லது. அவ்வளவுதான் எழுத முடியும்.

தம்பி,
கிளாட்வின்


காரைக்கால்
4 பிப்ரவரி 2024

கிளாட்வின்,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "எனக்காக இல்லை" என்ற இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

யாருக்காக? நான் ஊரைவிட்டு ஓடினால் உனக்கு விடுதலை, டைட்டஸுக்கு விடுதலை. நன்றாக இருக்கிறான், விசாரிக்கிறான் என்கிறாய். அவன் விசாரிக்கவில்லை என்று இங்கே யாரும் ஏங்கவில்லை. போன வாரம் கேஷுவாலிட்டி வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டு, "கோர்ட்டு எப்பங்க சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனான். சிரித்துக்கொண்டே கேட்டான். நான் பயந்துவிட்டேன் என்று டைட்டஸிடம் போய்ச் சொல். ஆனால் எங்கும் போகமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை கலைவாணன் அப்பா சுவாமிநாதன் பிரஷர் மாத்திரைக்கு வந்திருந்தார். வரிசையில் நின்றவர் என்னைப் பார்த்ததும் விலகிப் போவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்தார். "நீங்கதானம்மா கடைசி வரைக்கும் கூட இருந்தீங்க. எம்புள்ள தண்ணி கேட்டானா?" என்றார். கேட்டான். அப்படி அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன், அவ்வளவுதான். "கேட்டாங்க, குடுத்தேங்கய்யா, குடிச்சாங்க" என்று சொன்னேன். இந்தக் கேஸில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவர் என் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். என் தம்பி யார் என்று தெரிந்துதான் அப்படிச் செய்தார்.

நீ ஒரு நாளாவது அவரை நினைத்திருக்கிறாயா? உன் இரண்டு கடிதத்திலும் அவர் பெயரில்லை.

அக்கா


காரைக்கால்
2 ஏப்ரல் 2024

தம்பி,

அப்பா போய்விட்டார். வியாழக்கிழமை காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்தார். என் கையில் படித்த வித்தை எல்லாம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடக்கம் முடிந்து நாலு நாள் ஆகிறது.

உனக்கு வேண்டுமென்றேதான் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தால் போலீஸ் காவலோடு கூட்டிவந்திருப்பார்கள். அப்பா ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார்: "எனக்கு ஏதாவது ஆனா அவன விலங்கு போட்டுக் கொண்டாந்து நிறுத்தாத. சுவாமிநாதன் வருவாரு. அவரு மொகத்துக்கு எதிர அவன் நிக்க வேணாம்."

சுவாமிநாதன் வந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். எல்லோரும் போனபிறகு உள்ளே வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் இப்போது நான் மட்டும்தான். நீ பதில் போடாமல் இரண்டு மாதம் ஆகிறது. கோபமாக இருந்தாலும் கோபம் என்றாவது எழுது.

அக்கா


சிறை, புதுச்சேரி
21 ஏப்ரல் 2024

அக்கா,

இப்போது வேறு பிளாக்கில் இருக்கிறேன். தனி அறை. பக்கத்தில் யாரும் இல்லாமல் எழுதுகிற முதல் கடிதம் இது.

பொங்கல் சமயத்தில் எழுதினேனே, அது டைட்டஸ் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க எழுதியது. "ஒங்கக்காகிட்ட சொல்லிப் பாரு. கேக்கலன்னா வெளியில ஆளு இருக்கு" என்று சொல்லியிருந்தான். உன் பஸ், உன் வாசல் எல்லாம் அவன் என்னிடம் ஒப்பித்தது. உனக்குப் புரியும் என்று நினைத்து அப்படியே எழுதினேன். உனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குப் பிறகு எப்படி எழுதினாலும் அவன் படிப்பான் என்பதால் எழுதவில்லை.

அப்பா போனதாக நீ எழுதிய கடிதம் வந்த அன்று சூப்பிரண்டெண்டைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போனார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அனுப்பியது செல்லையன், வெட்டியது டைட்டஸும் அவன் கூட்டிவந்த ஆளும், ஓட்டியது நான். நானே சொல்லிவிட்ட பிறகு உன்னை ஏதாவது செய்து அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பயப்படாமல் டூட்டிக்குப் போ.

மாஜிஸ்திரேட்டிடம் சொன்ன இன்னொன்றை உன்னிடமும் சொல்லவேண்டும். கலை தற்செயலாக டீக்கடைக்கு வரவில்லை. அன்று மத்தியானம் அவன் ஆபீஸ் வாசலுக்கு நான் போனேன். "சாயங்காலம் பைபாஸ் டீக்கடைக்கு வா, செல்லையன் அண்ணன் சமாதானமா பேசணுங்குறாரு" என்றேன். மிரட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். சத்தியமாக அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கலை யோசித்தான். பிறகு, "நீ இருப்பல்ல? அப்ப வர்றேன்" என்றான். நான் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை, அக்கா. ஆனால் அவன் வண்டியைப் பார்த்ததுமே சிரித்தான்.

வெட்டி முடித்து இரண்டு பேரும் ஏறினார்கள். ஆஸ்பத்திரி ரோட்டு வழியாகத்தான் வந்தோம். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. நிறுத்தி இறங்கி உள்ளே ஓடிவந்து சொல்லியிருக்கலாம். உனக்கு அன்றைக்கு ஈவினிங் டூட்டி என்று தெரியும். அக்கா உள்ளேதான் இருக்கிறது, எப்படியும் கொண்டுவந்து போடுவார்கள், அக்கா பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போய்விட்டேன். சின்ன வயதிலிருந்து நான் உடைத்ததை எல்லாம் நீதானே ஒட்ட வைப்பாய்.

அப்ரூவர் ஆகிறாயா என்று அரசு வக்கீல் கேட்கிறார். கோர்ட்டில் இவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் எனக்கு மன்னிப்பு, தண்டனை கிடையாது, கேஸ் முடிந்ததும் வெளியே போகலாம். வேண்டாம் என்றுவிட்டேன். "நீ இருப்பல்ல" என்று கேட்டவனுக்கு நான் செய்ததற்கு மன்னிப்பு வாங்கக் கூடாது. ஆயுள் தண்டனை என்றால் இருந்துவிட்டுப் போகிறேன்.

கிளாட்வின்


காரைக்கால்
9 ஜூன் 2024

கிளாட்வின்,

ஒன்றரை மாதம் உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டு முறை கிழிக்கப் போனேன்.

நீ வாசலில் நிறுத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று கேட்பாய். நீ கேட்காவிட்டாலும் நான் என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆட்டோ கிடைக்க இருபது நிமிடம் ஆனதாம். தெரியாது, தம்பி. ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

நீ நினைத்தபடி என்னால் அவனைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அதை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். செல்லையனைக் கைது செய்தார்கள், ஜாமீனில் வந்துவிட்டான். நேற்று கடைத்தெருவில் அவன் காரைப் பார்த்தேன். அவன் அனுப்பினான் என்று சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை. நீ சாட்சிக் கூண்டில் ஏறாவிட்டால் அவன் தப்பிவிடுவான் என்று அரசு வக்கீல் என்னிடமும் சொன்னார். உன் மனசு ஆறவேண்டும் என்று நீ உள்ளே உட்கார்ந்திருந்தால் அவன் வெளியே மனை விற்றுக்கொண்டிருப்பான். அடுத்து இன்னொருவன் என் மேஜைக்கு வருவான்.

அந்த மன்னிப்பை வாங்கிக்கொள். அது உனக்கு வலிக்கும் என்று தெரியும். வலியோடு வாங்கிக்கொள்.

அக்கா


காரைக்கால்
26 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

தீர்ப்பு வந்த அன்று உன்னிடம் பேச விடவில்லை. நீ திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். மெலிந்துவிட்டாய்.

நீ மன்னிப்பை வாங்கிக்கொண்டு சாட்சி சொன்னதால்தான் செல்லையன், டைட்டஸ், அவன் கூட்டிவந்த ஆள் மூன்று பேருக்கும் ஆயுள். மேல்முறையீடு போவார்கள் என்கிறார்கள், போகட்டும். நான் கூண்டில் நின்றபோது செல்லையன் வக்கீல், "சொந்தத் தம்பி பேரச் சொல்ற அளவுக்கு என்ன விரோதம்?" என்று கேட்டாரே, அது இன்னும் காதில் கேட்கிறது. விரோதம் இருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

காகித வேலையெல்லாம் முடிந்து அடுத்த மாதம் பத்தாம் தேதி உன்னை விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். உன் அறையைக் கூட்டிவிட்டேன். போர்வை துவைத்துப் போட்டேன். அப்புறம் விஷ்ணுப்ரியா வந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வாசலில் நிற்கிறாள். உள்ளே கூப்பிட்டேன், வந்து உட்கார்ந்தாள். நீ கோர்ட்டில், "நான்தான் கூப்பிட்டேன், என்னை நம்பித்தான் வந்தான்" என்று சொன்னாயே, அதுவரைக்கும் அவளுக்கு அது தெரியாது. அன்று மத்தியானம் அவள் அவனுக்குப் போன் செய்து, சாயங்காலம் சீக்கிரம் வாங்க, பிள்ளைக்கு ஜுரம் என்றாளாம். "கிளாட்வின் கூப்புட்டுருக்கான், போயிட்டு வந்துர்றேன்" என்றானாம். அவளுக்கு அப்போது அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. நீ சொன்னதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பேச்சு ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

"ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா," என்றாள். "நீங்க இல்லன்னா கேஸே இல்ல. கோர்ட்டு அவருக்கு மன்னிப்பு குடுத்துட்டுது, சரி, நான் அதுல தலையிட முடியாது. ஆனா எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போற ரோட்டுல அவரு நிக்கக் கூடாது. எங்க மாமனாரு கடைத்தெருவுல அவரப் பாக்கக் கூடாது. மாமா பாத்தா பேசிருவாரு. அவரு அப்படிப்பட்ட மனுசன். அத என்னால தாங்க முடியாது. அவர காரைக்காலுக்கு வர வேணாம்னு நீங்க சொல்லணும்."

சரி என்றேன்.

உன்னைக் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். எனக்கு இருப்பது நீ ஒருவன். அவள் என்னிடம் கேட்டது அதுதான் என்று அவளுக்கும் தெரியும். போகும்போது என் காலைத் தொடப் போனாள், நான் பிடித்துக்கொண்டேன்.

பத்தாம் தேதி நான் சிறை வாசலுக்கு வரமாட்டேன். வந்தால் உன்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்கே போய் இருக்கிறாய் என்று எழுது. அங்கே நான் வருகிறேன்.

அக்கா


ஓசூர்
17 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே கோழித் தீவன லாரி ஒன்றுக்கு மாற்று டிரைவராகச் சேர்ந்திருக்கிறேன். சிறையில் பழக்கமான ஒருவர் சொல்லிவிட்ட இடம். குடோன் மாடியில் படுக்க இடம் இருக்கிறது. முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன். குளிர்தான் அதிகம்.

விஷ்ணுப்ரியாவிடம் நீ சொன்னது சரி. என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசை. ஆனால் பொய் எழுத வேண்டாம். உன் கடிதத்தைப் படித்த அன்று சாப்பிடவில்லை.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு விட்டார்கள். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் இரண்டு பக்கமும் பார்த்தேன். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். நேர் எதிரில் நம் ஊர் பஸ் நின்றது. "கடலூர், செதம்பரம், சீர்காழி, காரைக்கால்! காரைக்கால்!" என்று கண்டக்டர் கத்திக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நம் ஊர்ப் பெயரை யாரோ ஒருவர் கோர்ட்டுக் காகிதம் இல்லாமல் சொல்லிக் கேட்டேன். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர், "காரைக்காலா தம்பி? ஏறு, ஒக்காந்துக்கிட்டே போவலாம்" என்றார். இல்லண்ணே என்றேன். பஸ் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்து அதே இடத்தில் நின்றது. அதையும் போக விட்டேன்.

மூன்றாவது வந்தபோது எழுந்துவிட்டேன். படியில் கால் வைக்கிற தூரத்தில் நின்றேன். உள்ளே ஜன்னலோரம் ஒரு பெரியவர் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவாமிநாதன் இல்லை, யாரோ. ஆனாலும் என்னால் ஏற முடியவில்லை. கண்டக்டர் விசில் கொடுக்கும் வரை அங்கேயே நின்றேன்.

பிறகு அந்தக் கோடிக்குப் போய் பெங்களூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். விஷ்ணுப்ரியாவைப் பார்த்தால் சொல்லிவிடு.

தம்பி,
கிளாட்வின்